"ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ணுங்க"

பிரசவ அறைக் கதவு பாதிதான் திறந்தது. சிஸ்டர் வெளியே வரவில்லை, கையை மட்டும் நீட்டினார். கையில் ஒரு சீட்டு, ஊதா மூடி போட்ட ஒரு சின்னக் குழாய். "பி பாசிட்டிவ். ரெண்டு யூனிட் பேக்ட் செல். உடனே ஏற்பாடு பண்ணுங்க." கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே இருந்தவள் என் சித்தி மகள். பெண் குழந்தை என்று அதே கதவு வழியாகச் சொல்லி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சித்தப்பா யார் யாருக்கு போன் போட வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இரவு பதினொன்றரை மணி. குழாயை நான்தான் வாங்கினேன். அதில் இருந்தது அவளுடைய ரத்தம். இன்னும் சூடு ஆறவில்லை.

அந்தச் சீட்டில் எழுதியிருந்த ஒரு சொல்கூட அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை. யூனிட் என்றால் எவ்வளவு? பேக்ட் செல் என்றால் என்ன? குழாயை எதற்குக் கொடுத்தார்கள்? "ஏற்பாடு பண்ணுங்க" என்றால் கடையில் வாங்குவதா, ஆளைக் கூட்டிவருவதா? படித்தவர்கள் நாலு பேர் நின்றோம், நாலு பேரும் முழித்தோம். அதனால் அந்தச் சீட்டு போன வழியிலேயே போய் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், ஏன் அவ்வளவு அவசரம்? நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் போய் வருகிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி கழன்றதும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். கருப்பை கல் மாதிரி இறுகினால் அந்த வாய்கள் நெரிபட்டு அடைந்துவிடும். இறுகாமல் தொளதொளவென்று கிடந்தால் குழாயைத் திறந்துவிட்ட கதைதான். பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது, கர்ப்பிணிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். கணக்கு போட்டுப் பாருங்கள், டாக்டர்கள் மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் ஏன் பேசுகிறார்கள் என்று தெரியும். இறுக்குவதற்கு ஊசி போடுவார்கள், வயிற்றைப் பிசைந்துவிடுவார்கள், தேவைப்பட்டால் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். ஆனால் போன ரத்தத்துக்கு பதில் ரத்தம் வேண்டும்.

"குளுக்கோஸ் பாட்டில் ஏத்தறாங்களே, அது போதாதா?" என்று சித்தி கேட்டாள். நியாயமான கேள்வி. சலைன் ஏற்றினால் குழாய்கள் காலியாகாமல் இருக்கும், ரத்த அழுத்தம் கொஞ்சம் நிற்கும். ஆனால் உப்புத் தண்ணீர் ஆக்சிஜனைச் சுமக்காது. மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போவது சிவப்பணுக்கள்தான். அந்த வேலையைச் செய்யும் செயற்கை ரத்தம் இன்னும் நம் மருத்துவமனை அலமாரிக்கு வரவில்லை. எத்தனை கோடி கொட்டினாலும் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் அதை வாங்கிவர முடியாது. இன்னொரு மனிதர் கையை நீட்டினால்தான் உண்டு.

பிரசவம் ஒரு வழி. பைபாஸில் லாரி மோதித் தொடை எலும்பு நொறுங்கியவருக்கு வெளியே காயமே தெரியாமல் உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கசிந்திருக்கும். கல்லீரல் கெட்டவர் திடீரென்று ரத்தமாக வாந்தி எடுப்பார். புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவருக்கு எலும்பு மஜ்ஜை களைத்துப்போய் ரத்தம் ஊறாது. தலசீமியா, அதாவது பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத நோய், உள்ள குழந்தைகள் கதை தனி. அவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும், பள்ளிக்கூடம் போவது மாதிரி. அந்த வீடுகளில் அவசரம் என்பது ஒரு ராத்திரியோடு முடிவதில்லை.

சரி, சீட்டுக்கு வருவோம். "யூனிட்" என்றால் ஒருவர் ஒரு தடவை கொடுக்கும் ஒரு பை. நம் நாட்டில் 350 மில்லி அல்லது 450 மில்லி. "பாட்டில்" என்று இன்னும் பேச்சில் சொல்கிறோம். கண்ணாடிப் பாட்டில் போய்ப் பிளாஸ்டிக் பை வந்து பல காலம் ஆகிறது, சொல் மட்டும் போகவில்லை.

"பேக்ட் செல்" என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. ரத்தம் எடுக்கும் பையைக் கவனித்திருக்கிறீர்களா? அது தனிப் பை அல்ல. அதோடு ட்யூப் வழியாக இரண்டு மூன்று காலிப் பைகள் தொங்கும். எடுத்த பையை வாஷிங் மெஷின் மாதிரி ஒரு பெரிய எந்திரத்தில் வைத்துச் சுற்றுவார்கள். சுற்றி முடித்து வெளியே எடுத்தால் ரத்தம் தயிர் தெளிந்த மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே வெளிர் மஞ்சளாகப் பிளாஸ்மா. அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள். இரண்டுக்கும் நடுவில் பாலாடை போல மெல்லிசாக ஒரு படலம், வெள்ளணுக்களும் தட்டணுக்களும் அங்கேதான். அப்படியே பிழிந்து ஒவ்வொன்றையும் ஒரு பைக்குத் தள்ளிவிடுவார்கள். அடியில் தங்கிய சிவப்பணுப் பைதான் பேக்ட் செல்.

எதற்கு இந்தப் பாடு? ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று வேண்டும். ரத்தம் போனவருக்குச் சிவப்பணு. தட்டணு குறைந்து ரத்தம் கசிபவருக்குத் தட்டணு, அதாவது பிளேட்லெட். ரத்தம் உறையாமல் போனவருக்குப் பிளாஸ்மா. ஒருவர் கொடுத்தது மூன்று பேருக்குப் போகும் என்று முகாம் பேனர்களில் எழுதுவது இந்தக் கணக்கில்தான். ஆயுளும் ஒவ்வொன்றுக்கும் வேறு. சிவப்பணுவைக் குளிர்பெட்டியில் 2 முதல் 6 டிகிரியில் 42 நாள் வரை வைக்கலாம். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஒரு வருடம். பிளேட்லெட்டுக்கு வெறும் 5 நாள்தான், அதுவும் அறை வெப்பத்தில், ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும். இந்த மூன்று கெடுவையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

அந்த நர்சிங் ஹோமில் ரத்த வங்கி கிடையாது. சின்ன ஊர்களில் பல இடங்களில் இருக்காது. நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து, அந்தக் குழாயைச் சட்டைப்பையில் போடப் பயந்து கைக்குள் பொத்திக்கொண்டு போனேன்.

கவுன்டரில் இருந்த தம்பி சீட்டையும் குழாயையும் வாங்கி முதலில் ஒரு காரியம் செய்தார். சீட்டில் இருக்கும் பெயரும் குழாயில் ஒட்டியிருக்கும் பெயரும் ஒன்றா என்று எழுத்துக்கூட்டிப் பார்த்தார். எனக்கு எரிச்சல் வந்தது. உயிர் போகிற அவசரத்தில் என்ன எழுத்துப் பரிசோதனை? அப்புறம்தான் தெரிந்தது, அதைவிட முக்கியமான வேலை அந்தக் கவுன்டரில் இல்லை.

1901இல் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். மனித ரத்தம் எல்லாம் ஒன்றல்ல. சிலருடைய சிவப்பணு மேல் 'ஏ' என்று ஓர் அடையாளம், சிலருக்கு 'பி', சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. இல்லாததைத்தான் 'ஓ' என்கிறோம். நம்மிடம் இல்லாத அடையாளத்துக்கு எதிரான காவலர்கள் பிறந்த சில மாதங்களிலேயே நம் பிளாஸ்மாவில் தயாராகிவிடுவார்கள். பி காரருக்கு ஏ ரத்தம் ஏற்றினால் அந்தக் காவலர்கள் வந்த அணுக்களை எல்லாம் உடைத்துப் போடுவார்கள். உடைந்த குப்பை சிறுநீரகத்தை அடைக்கும், ஆளே போகலாம். அதற்கு முன்னால் ரத்தம் ஏற்றியவர்களில் சிலர் பிழைத்ததும் சிலர் செத்ததும் ஏன் என்றே யாருக்கும் தெரியாது. லேண்ட்ஸ்டைனருக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14தான் இப்போது உலக ரத்த தான தினம். பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது ஆர்.எச். என்ற வேறோர் அடையாளம். அது தெரியவர 1940 ஆயிற்று, அதிலும் அவர் கை உண்டு.

வகை தெரிந்தால் மட்டும் போதாது. கொடுக்கப்போகும் பையிலிருந்து ஒரு சொட்டையும் நோயாளியின் குழாயிலிருந்து ஒரு சொட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், சண்டை போடுகிறதா என்று. அதுதான் கிராஸ் மேட்ச். சிஸ்டர் குழாயைக் கொடுத்தனுப்பியது அதற்குத்தான். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை தாங்காது என்றால் ஓ நெகட்டிவ் சிவப்பணுவை எடுத்து ஏற்றுவார்கள். அதன் மேல் ஏ, பி, ஆர்.எச். அடையாளங்கள் இல்லாததால் பெரும்பாலும் யாருக்கும் ஒத்துப்போகும். ஆனால் நம் பக்கம் நெகட்டிவ் வகை நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். அதிலும் ஓ நெகட்டிவ் அபூர்வம். எந்த ரத்த வங்கியிலும் அது உண்டியல் காசு மாதிரி, யாராவது ஒருவருக்காக எண்ணி வைத்திருப்பார்கள்.

இதைவிட அபூர்வம் ஒன்று நம் நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் மும்பையில் டாக்டர் பெண்டே குழுவினர் சிலருடைய ரத்தத்தைச் சோதித்தபோது பார்வைக்கு ஓ மாதிரியே இருந்தது. ஆனால் ஓ ரத்தத்தையும் அது ஏற்கவில்லை. 'பம்பாய் வகை' என்று பெயர் வைத்தார்கள். அவர்களுக்கு பம்பாய் வகைக்காரர் ஒருவர்தான் கொடுக்க முடியும். கிராஸ் மேட்சை ஏன் தவிர்க்கக்கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

கவுன்டர் தம்பி அடுத்துக் கேட்டார்: "டோனர் வந்திருக்காங்களா அண்ணே?"

நான் உடனே கையை நீட்டினேன். "நான் ஓ பாசிட்டிவ். எடுத்து உடனே அனுப்பிடலாமா?" அவர் சிரிக்கவில்லை. தினம் பத்து பேர் கேட்கும் கேள்வி போலிருக்கிறது. "உங்க ரத்தம் உங்க தங்கச்சிக்கு இல்ல. நீங்க கொடுக்கறது ஸ்டாக்குக்கு. அவங்களுக்கு உள்ள இருக்கறதுல இருந்து எடுத்துத் தரேன்."

இந்த இடத்தில்தான் எனக்கு மொத்த விஷயமும் புரிய ஆரம்பித்தது. இப்போது எடுத்த ரத்தத்தை இப்போதே ஏற்ற முடியாது. எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, மஞ்சள்காமாலை சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து நோய்களுக்குச் சோதிக்காமல் ஒரு பையும் வெளியே போகக்கூடாது என்பது சட்டம். அதற்குச் சில மணி நேரமாவது பிடிக்கும். பிரித்தெடுக்க இன்னும் நேரம். சினிமாவில் காட்டுவது போல, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து ஒரு குழாய் வழியாக அண்ணன் ரத்தம் தங்கைக்கு ஓடுவதெல்லாம் நடக்காத காரியம். நள்ளிரவில் ஒரு உயிர் பிழைக்கிறது என்றால், அன்றிரவு ஓடிவந்தவர் கொடுத்த ரத்தத்தால் அல்ல. போன வாரமோ போன மாதமோ யாரோ கொடுத்துக் குளிர்பெட்டியில் காத்திருந்த ரத்தத்தால்.

முக்கால் மணி கழித்து தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவே இரண்டு பைகளை வைத்துக் கொடுத்தார். மூடுவதற்கு முன் லேபிளைப் பார்த்தேன். கொடுத்தவர் பெயர் இல்லை, ஒரு எண்தான். வகை, சோதனை முடிவுகள், எடுத்த தேதி, காலாவதித் தேதி. எடுத்தது 24 நாளுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அந்தத் தேதி எங்கேயோ இடித்தது. பைக்கில் திரும்பி வரும்போது சட்டென்று ஞாபகம் வந்தது, அது இவளுடைய வளைகாப்பு நாள். நாங்கள் ஐந்து வகைச் சாதம் கட்டிக் கை நிறைய வளையல் அடுக்கிக்கொண்டிருந்த பொழுதில் யாரோ ஒருவர் எங்கேயோ முகாமில் படுத்துக் கையில் பந்தை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

பிழைத்துவிட்டாள். அந்தப் பெண் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

ஆனால் அந்த ராத்திரி அதோடு முடியவில்லை. எடுத்த இரண்டு பைக்கு பதிலாக இரண்டு பேர் கொடுக்க வேண்டும் என்றார்கள். ரீப்ளேஸ்மென்ட் என்று இதற்குப் பெயர், கைமாற்று மாதிரி. மருத்துவமனையில் எங்கள் ஆட்கள் ஐந்து பேர் இருந்தோம். கொடுக்க முடிந்தவர் எத்தனை பேர் தெரியுமா?

சித்தப்பாவுக்கு வயது 67. இங்கே 18 முதல் 65 வரைதான் கொடுக்கலாம். சித்திக்கு ஹீமோகுளோபின் 10தான், 12.5க்குக் குறைந்தால் எடுக்க மாட்டார்கள். இது சித்தியின் பிரச்சினை மட்டுமல்ல. நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பிரசவத்தில் ரத்தம் போனால் தாங்க முடியாதவர்களும் அவர்கள்தான், இன்னொருவருக்குக் கொடுக்க முடியாதவர்களும் அவர்கள்தான். எங்கள் வீட்டுத் தம்பி கல்லூரியில் முதலாண்டு, எடை 43 கிலோ. 45 இருக்க வேண்டும். மிஞ்சியது மாப்பிள்ளையும் நானும். மாப்பிள்ளை நல்ல திடகாத்திரம். சட்டைக் கையை மடித்தார், மணிக்கட்டில் அவள் பெயரின் முதல் எழுத்து பச்சை குத்தியிருந்தது. குத்தி எட்டு மாதம். "ஒரு வருஷம் ஆகணும் சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் பெயரைக் குத்திக்கொண்டதால் அவளுக்காகக் கொடுக்க முடியவில்லை. அந்த மனிதர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பச்சை குத்தியிருக்காவிட்டாலும் அவர் ரத்தம் அவளுக்குப் போயிருக்கக் கூடாது என்பது பின்னால்தான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஐந்து பேரில் ஒருவன். உள்ளூரில், பைக்கும் போனும் சொந்தபந்தமும் இருக்கிற குடும்பத்துக்கே இந்தக் கதி. மலைக்கிராமத்திலிருந்து 108இல் ஏற்றி மாவட்டத் தலைநகருக்கு அனுப்பப்பட்ட ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கூட வந்தது புருஷன் ஒருவர். அவருக்கு அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. மனைவியை விட்டு நகரவும் முடியாது. அவரிடம் போய் "மூணு டோனர் கூட்டிட்டு வாங்க" என்றால்? ஆள்பலம் உள்ளவனுக்குக் கிடைக்கும், இல்லாதவனுக்கு இல்லை என்று ஆகிவிடுகிறது. ரத்த தானம் குடும்பங்களுக்கு ஏன் முக்கியம் என்று கேட்டால் என் பதில் இதுதான். உயிரைக் காப்பாற்றுகிறது என்பது எல்லாரும் சொல்வது. உயிர் ஊசலாடும் நேரத்தில் ஒரு குடும்பத்தை ஆள் தேடித் தெருவில் அலையவிடாமல் இருப்பதும் அதே பைதான்.

முன்பு இந்த அலைச்சலில் பிழைப்பு நடத்திய கூட்டமும் இருந்தது. பெரிய மருத்துவமனை வாசல்களில் காசுக்கு ரத்தம் கொடுப்பவர்கள் நிற்பார்கள். பசிக்காகக் கொடுப்பவர் தன் நோயைச் சொல்வாரா? 1996இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அந்தத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது நாடு முழுக்கத் தடை. 2002இல் வந்த தேசிய ரத்தக் கொள்கை, உறவினரைப் பிடித்துக் கேட்கும் கைமாற்று முறையையும் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்றது. கொள்கை காகிதத்தில் இருக்கிறது. கவுன்டரில் இன்னும் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, பெட்டி காலியானால் அடுத்து வருபவருக்கு என்ன பதில் சொல்வார்கள்?

காசு பற்றி ஒரு வார்த்தை. ரத்தத்துக்கு விலை கிடையாது. பை, சோதனை, பிரிப்பது, பாதுகாப்பது ஆகியவற்றுக்கான கட்டணம்தான் வாங்கலாம். 2022இல் நிர்ணயித்தபடி ஒரு யூனிட் பேக்ட் செல்லுக்கு அரசு ரத்த வங்கியில் 1,100 ரூபாய், தனியாரில் 1,550 ரூபாய்தான் உச்சவரம்பு, கூடுதல் சோதனைகள் செய்தால் அதற்குத் தனி. இதைவிட மிகப் பெரிய தொகையை யாராவது ரசீது இல்லாமல் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

இப்போது வாட்ஸ்அப். "அவசரம்! அவசரம்! 4 வயதுக் குழந்தைக்கு இதய ஆபரேஷன். ஓ நெகட்டிவ் தேவை. நாளை காலை 9 மணிக்குள். அதிகம் பகிரவும்." எந்த நாளை? இந்த மாதிரி செய்திகள் வருடக்கணக்கில் சுற்றும். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்தும் அந்தக் குழந்தையின் அப்பாவுக்கு நடுராத்திரியில் போன் வரும். நிஜமான தேவைக்கு எழுதும்போது தேதியைப் போடுங்கள். மருத்துவமனை, ஊர், வகை, எது வேண்டும், சிவப்பணுவா பிளேட்லெட்டா, எத்தனை யூனிட், நோயாளியோடு இருப்பவர் எண், இவ்வளவும் வேண்டும். கிடைத்ததும் "கிடைத்துவிட்டது, நன்றி" என்று அதே குழுவில் போடுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் பாதிப் பேர் இந்தச் செய்திகளைப் பார்க்காமலே தள்ளிவிடுகிறார்கள். வந்த செய்தியை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள், அவ்வளவுதான். எந்த ரத்த வங்கியில் எந்த வகை இருப்பு உள்ளது என்று பார்க்க மத்திய அரசின் இ-ரக்த்கோஷ் இணையதளமும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

டெங்கு சீசனில் இந்த வாட்ஸ்அப் கூத்து உச்சத்துக்குப் போகும். தட்டணு 50,000க்கு இறங்கியதுமே வீட்டில் அழுகை, "பிளேட்லெட் ஏத்துங்க டாக்டர்" என்று நெருக்குதல். ரத்தக்கசிவு இல்லாவிட்டால் 10,000க்குக் கீழே போகும்வரை பொதுவாக ஏற்ற வேண்டியதில்லை. டெங்குவில் பெரும்பாலும் உயிரைக் குடிப்பது ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதுதான், எண்ணிக்கை அல்ல. டாக்டர் பொறுத்திருங்கள் என்றால் பொறுத்திருங்கள். நாம் பதறி ஏற்றவைக்கும் பை, நிஜமாகவே ரத்தம் கசியும் ஒரு புற்றுநோயாளிக்குப் போகவேண்டியதாக இருக்கலாம். நிஜமாகவே தேவைப்படும்போது ஒரே ஆளிடமிருந்து எந்திரம் மூலம் தட்டணு மட்டும் எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் படுத்திருக்க வேண்டும், சிவப்பணு நமக்கே திரும்பி வந்துவிடும். அதனால் முழு ரத்தம் போல மூன்று மாதம் காத்திருக்காமல் சீக்கிரமே மறுபடி கொடுக்கலாம்.

அந்த மூன்று கெடுவை ஞாபகம் வைக்கச் சொன்னேனே. 42 நாள், ஒரு வருடம், 5 நாள். நம் ஊரில் தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள் என்றால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கொடுப்பார்கள். நல்ல காரியம், கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் அந்த நாளில் எடுத்த தட்டணு ஐந்தாம் நாள் வீண். சிவப்பணு ஒன்றரை மாதத்தில் முடிந்தது. கல்லூரிகளுக்கு விடுமுறை விடும் ஏப்ரல், மே வந்தால் முகாம்கள் வற்றிவிடும், விபத்தும் பிரசவமும் விடுமுறை எடுக்காது. ஒரே நாளில் 300 பேர் வருவதைவிட, வருடம் முழுக்க வாரத்துக்கு ஆறு பேர் வருவதையே ரத்த வங்கிக்காரர்கள் விரும்புவார்கள். ஆகவே உங்கள் பிறந்தநாளில் கொடுங்கள், தலைவர் பிறந்தநாளில் வரிசை நீளம்.

கொடுக்கும்போது என்ன நடக்கும்? அன்றிரவு எனக்கு அதுதான் முதல் தடவை. முதலில் ஒரு படிவம். மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சமீபத்தில் காய்ச்சலா, மஞ்சள்காமாலை வந்ததா, அப்புறம் கொஞ்சம் அந்தரங்கமான கேள்விகள். அவற்றுக்கு உண்மை சொல்வது சோதனையைவிடப் பெரிய பாதுகாப்பு. கிருமி தொற்றிய முதல் சில நாட்களில் எந்தச் சோதனையிலும் தெரியாமல் ஒளிந்திருக்கும். உறவுக்காரர்கள் சுற்றி நிற்கும்போது இந்தக் கேள்விகளுக்கு யார்தான் வாய் திறந்து உண்மை சொல்வார்? தானாக வந்து கொடுப்பவருக்கு அந்த நெருக்கடி இல்லை. சோதனை தவறினால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்தும் இருக்கிறோம். 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி வந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. (ஊசி, பை எல்லாம் புதிது, ஒருமுறைதான் பயன்படும். கொடுப்பவருக்கு இதில் எதுவும் தொற்றாது.)

அப்புறம் விரல் நுனியில் ஒரு குத்து. மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் இருந்தது. என் ரத்தத்தில் ஒரு சொட்டை அதில் விட்டார்கள். சொட்டு ஒரு கணம் தயங்கியது, அப்புறம் கோலி குண்டு மாதிரி நேராக அடிக்குப் போயிற்று. மூழ்கினால் தேறினோம். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் ரத்தம் லேசாக இருக்கும், சொட்டு மிதக்கும். எத்தனையோ எந்திரம் வந்த பிறகும் பல முகாம்களில் இந்த எளிய வித்தை ஓடிக்கொண்டிருக்கிறது.

கட்டிலில் படுத்தால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஊசி கொஞ்சம் தடிமன்தான், குத்தும்போது வலிக்கும், பொய் சொல்ல விரும்பவில்லை. 350 மில்லி போனதன் நீரளவு ஒன்றிரண்டு நாளில் ஈடாகிவிடும், அணுக்கள் ஊறச் சில வாரங்கள் ஆகும். அதனால்தான் ஆண்களுக்கு 90 நாளும் பெண்களுக்கு 120 நாளும் இடைவெளி. வெறும் வயிற்றில் போகாதீர்கள். முடிந்ததும் வீரம் காட்டி உடனே எழுந்திருக்காதீர்கள். மயங்கி விழுபவர்களில் பலர் அந்த வீரர்கள்தான். நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிட்டுச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்கள் கொடுக்கலாம், இன்சுலின் போடுபவர்கள் கூடாது.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். "நம்ம ரத்தம்னா நல்லா சேரும்" என்பது ஊர் நம்பிக்கை. மருத்துவம் நேர்மாறாகச் சொல்கிறது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் ரத்தத்தை நேராக ஏற்றினால் அரிதாக ஒரு விபரீதம் நடக்கும். வந்த வெள்ளணுக்கள் ஏறக்குறைய நம் சொந்த அணு போலவே இருப்பதால் உடம்பு அவற்றை அந்நியன் என்று கண்டுகொள்ளாது. அவை உள்ளேயே பெருகி உடம்பையே தாக்கும். வந்தால் பெரும்பாலும் பிழைக்க முடியாது. அப்படிக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அந்தப் பையைக் கதிர்வீச்சில் காட்டிய பிறகே ஏற்றுவார்கள். குழந்தை பெறும் வயதில் உள்ள மனைவிக்குக் கணவர் ரத்தத்தைத் தவிர்ப்பது வேறு காரணத்துக்கு. அவருடைய அணுக்களுக்கு எதிரான காவலர்கள் அவள் உடம்பில் உருவாகிவிட்டால், அடுத்த குழந்தை அப்பா ஜாடையோடு கருவில் வரும்போது அந்தக் காவலர்கள் அதையும் தாக்கலாம். முகம் தெரியாத ஒருவருடைய ரத்தம்தான் நல்லது. மாப்பிள்ளை கொடுத்திருந்தாலும் அது ஸ்டாக்குக்குப் போய், அங்கிருந்து வேறு யாருக்கோதான் போயிருக்க வேண்டும். இதைச் சொன்னபோதுதான் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். பச்சை குத்தி வருடம் முடிந்த வாரமே போய்க் கொடுத்துவிட்டு எனக்கு போட்டோ அனுப்பினார்.

நான் அதற்குப் பிறகு ஏழு தடவை கொடுத்திருக்கிறேன். மூன்றாவது தடவை கொடுத்து இரண்டு நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. கொடுத்த பிறகு உடம்புக்கு ஏதாவது வந்தால் ரத்த வங்கிக்குச் சொல்ல வேண்டும் என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. அன்று ஞாபகம் வந்து போன் போட்டேன். எடுத்தவர் அட்டையில் இருந்த எண்ணைக் கேட்டார், கொஞ்ச நேரம் தேடினார். "இன்னும் போகலைங்க, இங்கதான் இருக்கு. தனியா எடுத்து வெச்சிடறேன். நீங்க டெங்கு டெஸ்ட் எடுத்துட்டு ரிசல்ட் சொல்லுங்க" என்றார். சொன்னேன், டெங்குதான். அந்தப் பையை அவர்கள் யாருக்கும் ஏற்றவில்லை.